மூன்று புரியா, இரண்டு புரியா?
கயிறு, சணல், நூல் விற்பவர்கள் அறிய வேண்டிய ‘முறுக்கு’ விவரம்

நமது மளிகைக் கடைகளில் அரிசி, பருப்பு, புளி, எண்ணெய் ஆகியவற்றின் தரம் பற்றிக் கேட்டால் சொல்லத் தெரியாத வியாபாரி இல்லை. புளியைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தே பழையதா புதியதா என்று சொல்லிவிடுவோம். ஆனால் அதே கடையில் வாசலோரம் ஆணியில் தொங்கும் கயிற்றைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் விழிக்கத்தான் செய்கிறோம். இதற்கு நானும் விலக்கல்ல.

சில மாதங்களுக்கு முன் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். தொங்கிய கயிற்றைக் கையில் எடுத்து, இரு கட்டை விரல்களாலும் சற்றுத் திருப்பிப் பார்த்து, “ஏம்ப்பா, இது ரெண்டு பிரியா, மூணு பிரியா?” என்று கேட்டார். கடைப் பையன், “கயிறுதான் தாத்தா” என்றான். பெரியவர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். என்னாலும் உடனே சொல்ல முடியவில்லை. “என்னங்க, விக்கிற சரக்கு உங்களுக்கே தெரியலயே” என்று சொல்லிவிட்டு, வாங்காமலே போய்விட்டார். அந்தச் சொல் உறைத்தது. அதன் பிறகு கயிறு திரிப்பவர்களிடமும், தறிக்காரர்களிடமும், படித்தவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை நமது வணிகப் பெருமக்களுடன் பகிர்ந்துகொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

புரி என்றால் என்ன?

‘புரி’ என்ற சொல்லுக்கு முறுக்கு என்றும், முறுக்கிய ஒரு சரம் என்றும் பொருள். பேச்சு வழக்கில் ‘பிரி’ என்கிறோம். வைக்கோலைத் திருகிக் கட்டுக் கட்டப் பயன்படுத்தும் வைக்கோல் பிரியும், பூணூலை முப்புரி நூல் என்பதும் இந்தச் சொல்லால் வந்தவையே. வலம்புரிச் சங்கு, இடம்புரிச் சங்கு என்பதிலும் இதே புரிதான். நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் வலம்புரிக்காய் திருகிய கயிறு போலவே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம்முடைய தர்மபுரியில் உள்ள ‘புரி’ மட்டும் வேறு. அது நகரம் என்ற பொருளில் வரும் வடசொல். பழைய தகடூர்தான் தர்மபுரி ஆயிற்று.

கயிற்றுத் தொழிலில் நான்கு படிகள் உண்டு. தேங்காய் மட்டையிலிருந்தோ கத்தாழையிலிருந்தோ எடுப்பது நார். நாரைத் திரித்தால் இழை. பல இழைகளைச் சேர்த்து முறுக்கினால் புரி. இரண்டு அல்லது மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கினால் கயிறு. கயிறுகளையே மேலும் சேர்த்து முறுக்கினால் வடம். தேர் இழுப்பது வடம். முன்பு நமது பகுதிக் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் சாலைத் தூக்கியதும் வடம்தான்.

பொருளைப் போலவே சொல்லும் பல இடங்களுக்குப் பரவியிருக்கிறது. ‘திரித்தல்’ என்பதிலிருந்து விளக்குத் ‘திரி’ வந்தது. உள்ளதை மாற்றிச் சொல்பவனைத் திரித்துக் கூறுகிறான் என்கிறோம். நடக்காத காரியத்தை ‘மணலைக் கயிறாகத் திரிப்பது’ என்கிறோம். கையால் சுற்றிச் செய்யும் பலகாரத்துக்கு முறுக்கு என்றே பெயர்.

முறுக்கினால் ஏன் பலம் வருகிறது?

ஒரு தேங்காய் நாரின் நீளம் ஒரு சாணுக்குச் சற்று கூடவோ குறையவோ இருக்கும். பருத்திப் பஞ்சின் இழை ஓர் அங்குலம் அளவுதான். இவ்வளவு குட்டையான நார்களிலிருந்து நூறு அடிக் கயிறு எப்படி உண்டாகிறது? இந்தக் கேள்வியை இத்தாலிய அறிஞர் கலீலியோ 1638-ல் வெளிவந்த தமது நூலிலேயே எழுப்பி விளக்கம் சொல்லியிருக்கிறார்.

விடை எளியது. நார்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து இழுத்தால் ஒன்றைவிட்டு ஒன்று நழுவி வந்துவிடும். முறுக்கிய பின் இழுத்தால், இழுக்க இழுக்க வெளியே உள்ள நார்கள் உள்ளே உள்ளவற்றை நெருக்கும். நெருக்கம் கூடக் கூட உராய்வு கூடும். உராய்வு கூடினால் நழுவாது. அதாவது எவ்வளவு பாரம் ஏறுகிறதோ அவ்வளவுக்குப் பிடியும் இறுகுகிறது. பசையோ முடிச்சோ இல்லாமல் குட்டை நார்கள் நெடுங்கயிறாக நிற்பதன் ரகசியம் இதுதான்.

ஆனால் முறுக்கு ஏற ஏறப் பலமும் ஏறிக்கொண்டே போகும் என்று நினைத்துவிடக் கூடாது. ஓர் அளவு வரை ஏறும். அதற்கு மேல் இறங்கத் தொடங்கும். காரணம், முறுக்கு அதிகமானால் நார்கள் கயிற்றின் போக்கில் நேராக இல்லாமல் குறுக்கே சாய்ந்துவிடுகின்றன. நேராக நிற்கும் நார் முழுப் பாரத்தையும் தாங்கும். சாய்ந்து நிற்கும் நாரால் முடியாது. முறுக்குக் குறைந்த கயிறு நழுவிப் போகும், முறுக்கு மிகுந்த கயிறு விறைத்து ஒடியும். தொழில் தெரிந்தவர் இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவார்.

எதிர் முறுக்கின் சூட்சுமம்

ஒரு நூலை எடுத்து இரு விரல்களால் நன்றாக முறுக்கிவிட்டு, நடுவில் மடித்து விட்டால் அது தானாகவே தன்மேல் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொள்ளும் திசையைக் கவனித்தால், நாம் முறுக்கிய திசைக்கு எதிராக இருக்கும். கயிற்றுத் தொழில் முழுவதும் இந்த ஒரு உண்மையின்மேல் நிற்கிறது.

இழையை வலப்பக்கம் முறுக்கினால், அவற்றைச் சேர்த்துப் புரியாக்கும்போது இடப்பக்கம் முறுக்க வேண்டும். புரிகளைச் சேர்த்துக் கயிறாக்கும்போது மறுபடி வலப்பக்கம். புரி தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ள முயன்றால் அது கயிற்றின் முறுக்கை இறுக்கும். கயிறு அவிழ முயன்றால் புரியின் முறுக்கு இறுகும். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டும் அவிழாமல் நிற்கும். ஒரே திசையில் எல்லாவற்றையும் முறுக்கினால் கையை எடுத்தவுடன் முழுவதும் அவிழ்ந்துவிடும்.

திசையைச் சொல்ல உலகெங்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துகிறார்கள்: ‘இசட்’ முறுக்கு, ‘எஸ்’ முறுக்கு. கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். புரிகள் கீழே இடப்பக்கத்தில் தொடங்கி மேலே வலப்பக்கம் ஏறினால், இசட் எழுத்தின் நடுக்கோடு போல இருக்கும். அது இசட் முறுக்கு. மாறாக மேலே இடப்பக்கம் ஏறினால் எஸ் முறுக்கு. ஐயம் வந்தால் கடையிலுள்ள சாதாரண மரத் திருகாணி ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அதன் மரை சாய்ந்திருப்பது போலக் கயிறும் சாய்ந்திருந்தால் இசட். சங்குக்குச் சொல்லும் வலம்புரி, இடம்புரிக் கணக்கு சங்கைப் பிடிக்கும் விதத்தைப் பொறுத்து மாறும். அதை இதனுடன் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சந்தையில் வரும் மூன்று புரிக் கயிறு பெரும்பாலும் இசட் முறுக்குதான். தையல் நூலிலும் கடைசி முறுக்கு இசட்டாக இருப்பதே வழக்கம். தையல் எந்திரம் ஓடும்போது நூலின் முறுக்கு அவிழாமல் இருக்க அதுவே ஏற்றது. மாற்று முறுக்குள்ள நூலைப் போட்டால் புரி பிரிந்து அறுந்துகொண்டே இருக்கும். ‘நூல் சரியில்லை’ என்று தையற்காரர் கண்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் இதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இந்த எதிர் முறுக்கு வித்தை நேற்று வந்ததல்ல. பிரான்சு நாட்டில் ஒரு பாறைக் குகையில் நியாண்டர்தால் மனிதர்கள் வாழ்ந்த மண்ணடுக்கில் ஒரு துணுக்குக் கயிறு கிடைத்தது பற்றி 2020-ல் செய்தி வெளியானது. மரப்பட்டை நாரால் ஆன அது 40 ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. எஸ் திசையில் முறுக்கிய மூன்று புரிகளை இசட் திசையில் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். நமது கடையில் தொங்குவதும் அதே மூன்று புரிதான்.

இரண்டா, மூன்றா, நான்கா?

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். இரண்டு புரிக் கயிற்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முட்டை வடிவில் இருக்கும். மேடும் பள்ளமுமாக இருப்பதால் உராயும் இடத்தில் மேடுகள் மட்டுமே தேயும். கட்டுக் கட்ட, பந்தல் கட்ட, கொடி படரவிட இது போதும். தேங்காய் நார்ச் சரடு பொதுவாக இரண்டு புரியில்தான் வரும்.

மூன்று புரி வைத்தால் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நடுவில் இடைவெளியின்றி உருண்டையாக அமையும். பாரம் மூன்றுக்கும் சமமாகப் பிரியும். கிணற்று உருளையில் சுழலவும், மாட்டின் கழுத்தில் கிடக்கவும், வண்டியில் சரக்கு இறுக்கவும் மூன்று புரியே ஏற்றது. நான்கு புரி வைத்தால் நடுவில் ஒரு பொந்து விழும். அதை நிரப்ப உள்ளே தனியாக ஒரு சரடு வைத்துத் திரிக்க வேண்டும். அதனால்தான் மூன்று புரி எங்கும் நிலைபெற்றது.

கயிறு திரிக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு பக்கம் மூன்று கொக்கிகள் உள்ள சக்கரம், மறு பக்கம் ஒரே கொக்கி. மூன்று புரிகளுக்கும் முறுக்கேற்றிவிட்டு, இடையில் மூன்று பள்ளம் வெட்டிய கூம்பு மரக்கட்டையைச் செருகுவார்கள். கட்டை நகர நகர அதன் பின்னால் மூன்று புரிகளும் ஒரே சீராகச் சேர்ந்து கயிறாகும். கட்டையை வேகமாக ஓட்டினால் கயிறு தளர்வாக வரும். மெதுவாக நகர்த்தினால் இறுக்கமாக வரும். ஒரே நார், ஒரே ஆள், ஆனால் இரண்டு விதச் சரக்கு. சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரி கயிற்றுக்குப் பெயர் பெற்றதும், கேரளத்தில் அஞ்சுதெங்கு, வைக்கம் என்று ஊர்ப் பெயராலேயே கயிற்றுச் சரடுக்கு ரகம் சொல்வதும், அந்தந்த ஊரின் நாரும் முறுக்கும் வேறுபடுவதால்தான்.

கிலோவில் வாங்கி அடியில் விற்கும் கணக்கு

இனி நமது லாப நஷ்டத்துக்கு வருவோம். நாம் கயிற்றை மொத்தக் கடையில் கிலோ கணக்கில் வாங்குகிறோம். வாடிக்கையாளர் நீளத்தைச் சொல்லிக் கேட்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது முறுக்கு.

முறுக்கினால் நீளம் குறையும். புரி கயிற்றின் போக்கிலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் 100 அடிப் புரிக்கு ஏறத்தாழ 87 அடிக் கயிறுதான் கிடைக்கும். சாய்வு கூடினால் இன்னும் குறையும். ஆகவே ஒரே பருமனில் இரண்டு கட்டுகள் இருந்து, ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருந்தால், இறுக்கமான கட்டு கிலோவுக்குக் குறைந்த அடியே தரும். தளர்ந்த கட்டு அதிக அடி தரும். அடிக்கணக்கில் விற்பவருக்குத் தளர்ந்தது லாபம் போலத் தோன்றும். ஆனால் அது சீக்கிரம் பிரிந்து, வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். கொள்முதல் செய்யும்போது கட்டின் எடையை மட்டும் கேட்காமல், ஒரு கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்று கேட்டு, ஒரு கட்டையாவது அவிழ்த்து அளந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது ஈரம். பஞ்சும் சணலும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுப்பவை. வணிகத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஈர அளவு என்று ஒன்று உண்டு: நன்கு உலர்ந்த நார் 100 கிலோவுக்குப் பருத்தி எட்டரை கிலோ, பட்டு 11 கிலோ, சணல் 13.75 கிலோ. மழைக்காலத்தில் ஈரமான கிடங்கில் கிடந்த சரக்கு இதைவிட மிகுதியாக இழுத்திருக்கும். ஒரு கணக்குப் பார்ப்போம். ஐப்பசியில் 100 கிலோ சணல் வாங்குகிறீர்கள். அதில் 80 கிலோ நாரும் 20 கிலோ ஈரமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் ஈரம் 8 கிலோவாக வற்றினால் உங்கள் தராசில் நிற்பது 88 கிலோ. யாரும் திருடவில்லை, எலியும் கடிக்கவில்லை; 12 கிலோ போய்விட்டது. நமக்கு மாட்டுப் பொங்கலுக்குப் புதுக் கயிறு வாங்க வரும் கூட்டமே பெரிய வியாபாரம். காரிமங்கலம் போன்ற மாட்டுச் சந்தைகளை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தச் சரக்கை நாம் வாங்கி வைப்பதோ அடைமழைக் காலத்தில். ஆகவே அந்த நேரக் கொள்முதலை, முடிந்தால் எடையில் அல்லாமல் மீட்டரில் பேசி முடிப்பது நல்லது.

நனைந்த நார்க் கயிறு ஊதிப் பருத்து நீளத்தில் சுருங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நார் பருமனாகும்போது அதைச் சுற்றி வரும் புரிக்கு அதிகச் சுற்றுத் தூரம் தேவைப்படுகிறது. அதனால் நீளம் குறைகிறது. மழையில் துணிக்கொடி விறைப்பது இதனால்தான். நனைந்த கயிற்றை அளந்து விற்றால் கடைக்கு நஷ்டம், நனைந்த கயிற்றை நிறுத்து வாங்கினாலும் கடைக்கு நஷ்டம்.

சணல், சணப்பை, ‘நைலான்’

பெயர்களிலும் குழப்பம் இருக்கிறது. சாக்குக்கும் சாக்குத் தைக்கும் நூலுக்கும் ஆன சணல் பெரும்பாலும் மேற்கு வங்காளத்தில் விளைவது. நமது பக்கம் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பை வேறு செடி. அதன் நாரும் கயிறாகும். இரண்டையும் ஒன்றாக நினைத்து விலை பேசக் கூடாது. தானியத்தையும் சர்க்கரையையும் சணல் சாக்கில் கட்டுவது பற்றி 1987-லேயே மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது.

தேங்காய் நார்க் கயிறு பஞ்சு போல மென்மையானதல்ல. ஆனால் தண்ணீரில் எளிதில் மக்காது, உப்பையும் தாங்கும், இழுத்தால் சற்றுக் கொடுத்து நிற்கும். ஆகவே பந்தலுக்கும் கிணற்றடிக்கும் அதன் மதிப்புக் குறையவில்லை.

இன்று அதிகம் விற்பது பிளாஸ்டிக் கயிறு. எல்லாவற்றையும் நாம் ‘நைலான் கயிறு’ என்றே விற்கிறோம். உண்மையில் நமது கடைகளுக்கு வரும் வண்ணக் கயிறுகளில் பல நைலான் அல்ல. பாலிபுரொப்பிலின் அல்லது பாலிஎத்திலின். கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, புரியைப் பிரித்து, காற்றுக் குமிழி போகும்படி நன்கு நனைத்து, ஒரு செம்புத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் நைலான் அல்ல. நைலான் தண்ணீரைவிடக் கனமானது, அடியில் போய்விடும். நைலான் விலை கொடுத்து வேறு சரக்கை வாங்காமலிருக்க இந்த ஒரு சோதனை போதும். பாலிபுரொப்பிலின் கயிறு வெயிலில் கிடந்தால் நாளடைவில் தூள் தூளாக உதிரும். கடை வாசலில் மாதக்கணக்கில் வெயில் காயத் தொங்கவிட்ட மாதிரிக் கட்டை, கடைசியில் யார் தலையிலாவது கட்டிவிடக் கூடாது.

விளக்குத் திரியும் பட்டு நூலும்

கார்த்திகை தீபத்துக்குத் திரி விற்காத மளிகைக் கடை இல்லை. ‘திரி சரியாக எரியவில்லை, எண்ணெய் மட்டம்’ என்று வாடிக்கையாளர் குறை சொன்னால், எண்ணெயைப் பார்ப்பதற்கு முன் திரியைப் பாருங்கள். பஞ்சு இழைகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய சந்துகள் வழியாகத்தான் எண்ணெய் மேலே ஏறுகிறது. திரியை இறுக முறுக்கினால் சந்துகள் அடைபட்டு எண்ணெய் ஏறாது. சுடர் சிறுத்துக் கருகும். மிகத் தளர்வாக விட்டால் குபீரென்று எரிந்து புகையும். திரிக்கு முறுக்கு லேசாக இருக்க வேண்டும். கயிற்றுக்குச் சொன்னது திரிக்குப் பொருந்தாது.

நூலுக்கு முறுக்கை எண்ணியே சொல்வார்கள்: ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று. பருத்தி நூலின் ‘நம்பர்’ என்பது ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதாகும். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும்; மெல்லிய நூலுக்கு முறுக்கு அதிகம் வேண்டும். ஆலைக்காரர்கள் நம்பரின் வர்க்கமூலத்தை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்குவார்கள். அந்த எண் 4 என்று கொண்டால், 16-ம் நம்பருக்கு அங்குலத்துக்கு 16 சுற்று. 36-ம் நம்பருக்கு 24 சுற்று. 64-ம் நம்பருக்கு 32 சுற்று. தறியில் இழுபடும் பாவு நூலுக்கு அந்த எண்ணைக் கூட்டுவார்கள். ஊடைக்கும் பனியன் நூலுக்கும் குறைப்பார்கள். பனியன் மெத்தென்று இருப்பது முறுக்குக் குறைந்ததால்தான்.

நமது தர்மபுரிக்குப் பட்டுக்கூடு அங்காடியால் ஒரு தனிப் பெயர் உண்டு. பட்டுப்புழு விடும் இழை குட்டை நார் அல்ல. ஒரு கூட்டிலிருந்து பல நூறு மீட்டர், நல்ல ரகத்தில் ஆயிரம் மீட்டருக்கும் மேல், அறுபடாமல் வரும். எட்டு, பத்துக் கூடுகளின் இழைகளைச் சேர்த்து இழுத்தால் 20/22 டெனியர் கச்சாப் பட்டாகும். 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்பதே டெனியர் கணக்கு. நீளமான இழைக்கு முறுக்கு எதற்கு என்று கேட்கலாம். கூட்டிலுள்ள இயற்கைப் பசைதான் இழைகளை ஒட்டி வைத்திருக்கிறது. சாயம் போடுமுன் அந்தப் பசையை வேகவைத்து நீக்கிவிடுவார்கள். முறுக்கு இல்லையென்றால் இழைகள் பிரிந்து தறியில் நிற்காது. ஆகவே பாவுப் பட்டை ஒரு திசையில் முறுக்கி, ஒன்றாகச் சேர்த்து, எதிர்த் திசையில் மறுபடி முறுக்குகிறார்கள். பெரியவர் கேட்ட அதே பிரிக் கணக்குதான், மெல்லிய அளவில்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

கருவி எதுவும் இல்லாமல் கல்லாவில் உட்கார்ந்தபடியே கயிற்றை ஆராயலாம்.

1. புரியை எண்ணுங்கள். முனையைச் சற்றுப் பிரித்துப் பார்த்து, இரண்டா மூன்றா என்பதைக் கட்டின் மேல் எழுதிவைத்துவிடுங்கள். பையன்களுக்கும் தெரியும்.

2. ஒரு புரியின்மேல் பேனாவால் புள்ளி வைத்து, அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வரும் இடத்தை அளந்து பாருங்கள். மூன்று புரிக் கயிற்றில் இந்தத் தூரம் ஏறத்தாழ கயிற்றின் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல் இருக்கும். மிகவும் நீண்டிருந்தால் முறுக்குக் குறைவு.

3. இரு கைகளாலும் கயிற்றை எதிர்த் திசையில் திருகிப் புரிகளை விலக்கிவிட்டுக் கையை எடுங்கள். நல்ல கயிறு பழைய நிலைக்கு உடனே திரும்பும். பழைய சரக்கு வாய் பிளந்தபடி நிற்கும்.

4. விலக்கிய இடத்தில் உட்புறத்தைப் பாருங்கள். மேலே பளபளப்பும் உள்ளே தூசியும் துண்டு நாருமாக இருந்தால் அது கழிவு நார் வைத்துத் திரித்தது. முகர்ந்து பாருங்கள்; பூஞ்சை வாடை இருந்தால் வேண்டாம்.

5. ஒரு மீட்டர் கயிற்றின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். வளையம் அமைதியாகத் தொங்கினால் முறுக்கு சமமாக இருக்கிறது. தன்மேல் தானே சுற்றிக்கொண்டால் சமமில்லை. உபயோகத்தில் சுழி விழுந்து அந்த இடத்தில் அறுபடும்.

6. சணல் உருண்டையை உள்ளிருந்து இழுங்கள். கயிற்றுக் கட்டைத் தரையில் வைத்து வெளிச் சுற்றை உருவ உருவ, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு கூடவோ குறையவோ செய்யும். பெரிய கட்டைக் கம்பியில் மாட்டி உருளவிட்டு அவிழ்ப்பதே நல்லது.

விற்கும்போது முழத்திலோ பாகத்திலோ அளந்து கொடுக்க வேண்டாம். சட்டப்படி முத்திரையிட்ட மீட்டர் அளவையே பயன்படுத்த வேண்டும். 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும் இதற்கு உண்டு. பொட்டலமாக வரும் சரக்கில் நிகர அளவு, அதிகபட்ச சில்லரை விலை, தயாரிப்பாளர் முகவரி ஆகியவை அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

நமது மாவட்டம் வறண்ட மாவட்டம். ஆழக் கிணறுகள் நிறைய. கோடையில் தூர் வாரவும், மோட்டார் இறக்கவும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்குகிறார்கள். அதற்குக் கயிறு வாங்க நமது கடைக்குத்தான் வருகிறார்கள். “இது ஆளைத் தாங்குமா?” என்ற கேள்விக்கு, “தாராளமாகத் தாங்கும், கொண்டுபோங்க” என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் புதுக் கயிறு அறுபடும் பாரம் வேறு. தைரியமாக ஏற்றக்கூடிய பாரம் வேறு. பின்னது முன்னதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. மனித உயிர் என்றால் பத்தில் ஒரு பங்குதான். முடிச்சுப் போட்ட இடத்தில் பலம் பாதியாகக்கூடக் குறையும். கிணற்றுச் சுவரின் கல் விளிம்பில் உராய்ந்தால் மேலும் குறையும். சாதாரணக் கட்டுக் கயிறு ஆள் இறங்குவதற்கு உரியதல்ல என்று நாமே சொல்லி, அதற்கென்று தயாராகும் பாதுகாப்புக் கயிற்றையும் இடுப்புப் பட்டையையும் வாங்கச் சொல்ல வேண்டும். ஒரு விற்பனை போனால் போகட்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரிப்பாளர் சொல்லாத உறுதிமொழியை விற்பவர் தாமாகக் கொடுத்து, சரக்கு அதன்படி இல்லாமல் கேடு விளைந்தால், விற்பவரும் பொறுப்பேற்க வேண்டி வரும். அட்டையில் அச்சிட்டிருப்பதற்கு மேல் ஒரு கிலோகூட நாம் வாயால் ஏற்றிச் சொல்லக் கூடாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பின் என் கடையில் கயிறு தொங்கும் ஒவ்வோர் ஆணிக்கும் மேலே ஓர் அட்டை ஒட்டியிருக்கிறேன். எத்தனை புரி, என்ன நார், கிலோவுக்கு எத்தனை மீட்டர், எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று எழுதியிருக்கிறது. எழுத அரை நாள் ஆயிற்று. வாங்க வருபவர்கள் அதைப் படித்துவிட்டுப் பேரம் பேசுவது குறைந்திருக்கிறது. அந்தப் பெரியவரும் ஒரு நாள் வந்து, அட்டையைப் படித்துவிட்டு, மூன்று பிரியில் இருபது மீட்டர் வாங்கிப் போனார்.

வணிகப் பெருமக்கள் தங்கள் கடைகளிலும் இந்த முறையைச் செய்து பார்க்கலாம்.